பிள்ளைக்கு ஏற்ற கோல்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் ஆசிரியர்களாகிய நாங்கள் யார் வென்றார் என்றுதான் பேசிக்கொள்வோம். யார் பழக்கியது என்று கேட்பது குறைவு. அப்படிப் பழக்கிய ஒரு தகப்பனைப் பற்றி இன்று எழுதத் தோன்றியது.

அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்தவர் கிரெக் டுப்லாண்டிஸ். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த கோலூன்றிப் பாய்தல் வீரர். அவரது அதிசிறந்த உயரம் 5.80 மீற்றர். உலகத்தரமான பாய்ச்சல்தான், ஆனாலும் ஒலிம்பிக்கில் பாயும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு சட்டத்தரணியானார்.

மனைவி ஹெலேனா சுவீடனைச் சேர்ந்தவர், அவரும் மெய்வல்லுநர் வீராங்கனை. இருவரும் லஃபாயெற் நகரில் தங்கள் வீட்டின் பின்வளவில் ஓடுபாதையும் மெத்தையும் அமைத்தார்கள். பிள்ளைகள் அங்கேதான் பாய்ந்து பழகினார்கள்.

அவர்களில் ஒருவர்தான் ஆர்மண்ட். 2017இல், 17 வயதிலேயே 5.90 மீற்றர் பாய்ந்து தகப்பனைத் தாண்டிவிட்டார். 2020இல் 6.17 உலக சாதனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6.25 மீற்றருடன் தங்கம். பயிற்றுவிப்பாளர்கள் அதே வாப்பாவும் உம்மாவும்தான்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எங்களைத் தொட்டது இன்னொரு மகனின் கதை. அன்ரோயினும் அதே வளவில் கோலூன்றிப் பாய்ந்தவர்தான். பாடசாலைக் காலத்திலேயே அதை விட்டு பேஸ்போலுக்குப் போனார். வாப்பா படித்த அதே பல்கலைக்கழகத்தின் அணியில் சிறந்த துடுப்பாட்டக்காரராகப் பெயரெடுத்தார். வீட்டுக்குள் மெத்தை போட்டிருந்தும் அந்தப் பிள்ளைக்கு வேறு மைதானத்துக்குப் போக வழி இருந்தது.

இந்த விளையாட்டில் பாய்பவரின் உடல் எடைக்கு ஏற்பத்தான் கோல் தெரிவு செய்யப்படும். பாரம் குறைந்த பிள்ளையிடம் விறைப்பான கோலைக் கொடுத்தால் அது வளையாது. பிள்ளை மெத்தைக்குப் போய்ச் சேராது. வளையும் கோல்தான் உயர்த்திவிடும். மிக மெல்லியதைக் கொடுத்தால் முறிந்தும் போகலாம். பிள்ளையின் மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்ததும் இதைத்தான்.

வாப்பா டொக்டராக ஆசைப்பட்டார் என்பதற்காக உயிரியல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். சித்திரத்தில் கை தேர்ந்தவர்கள், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள். அவர்களின் கையில் இருப்பது வாப்பாவின் எடைக்குச் செய்த கோல்.

பெறுபேறு வந்த பிறகு அழுவதைவிட, பாடத்தெரிவுக்கு முன்பே ஒரு நாள் பிள்ளையை அருகில் இருத்தி, "மகன், உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்போம். பதில் வரும்வரை பேசாமல் இருப்போம்.