வேலைக்காடும் கொடிமலைக் காடும்

"காட்டுக்குப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு என்ன நினைவு வரும்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் புலியும் வராது, யானையும் வராது. வாளியும் காண்டாவும் உளியும்தான் வரும். நமக்குக் காடு என்றால் வேலைக்காடு. விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, கொசுக்கடியோடு பால்மரம் வெட்டுகிற இடம். அங்கே வேடிக்கை பார்க்க யாரும் போவதில்லை.

அதனால்தான், "அப்பா, ஞாயிற்றுக்கிழமை கொடிமலைக் காட்டுக்குப் போய்வரலாம், வாங்க" என்று நான் கூப்பிட்டபோது அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"ஏம்மா, முப்பத்தெட்டு வருசம் காட்டுல கெடந்து வந்திருக்கேன். இப்ப காசு குடுத்து டிக்கெட் வாங்கி காட்டைப் பாக்கணுமா?"

இது நடந்தது 1993-இல். நானும் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைதான். 1979-இல் கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தேன். இப்போது லிட்டில் இந்தியா என்று அழைக்கிறார்களே, அந்தப் பகுதியில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் குடித்தனம். கீழே துணிக்கடை, பக்கத்தில் பூக்கடை, எதிரே பாட்டுக் கேசட் விற்கும் கடை. காலையிலிருந்து இரவுவரை சத்தத்துக்குக் குறைவில்லை. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் மணி மாடிக்கே கேட்கும். நான் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த இரைச்சல் பிடித்துப்போயிற்று.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த மறுவருஷமே தோட்டம் கைமாறியது. மரங்களை வெட்டிச் சாய்த்து வீடு கட்டப்போவதாகச் சொன்னார்கள். லயத்தைக் காலி செய்தபோது அப்பாவுக்கு வயது 58. ஒரு டிரங்குப் பெட்டியும், பழைய உளி ஒன்றும் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உளியை எதற்கு எடுத்துவந்தார் என்று நான் கேட்கவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது? பெரட்டு இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். கடைகள் திறந்ததும் கீழே ஐந்தடி நடைபாதையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களைப் பார்ப்பார். பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் ஒன்றுமில்லை, வெளியே நடக்கச் சொல்லுங்கள் என்றார். "எங்க நடக்கறது? மரமில்லாத ஊரு" என்றார் அப்பா.

மரமில்லாத ஊரா! உண்மையைச் சொன்னால் எனக்கே அதுவரை தோன்றவில்லை. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம் புறப்படும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ரதம் அது. வழியெங்கும் தேங்காய் உடையும். வாட்டர்ஃபால் ரோட்டிலுள்ள நகரத்தார் கோயில்வரை ரதத்தோடு நடப்போம். பிறகு குன்றேறிப் பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டுத் திரும்பிவிடுவோம். தண்ணீர்மலை, தண்ணீர்மலை என்று வாய் நிறையச் சொல்கிறோமே, எந்தத் தண்ணீர் என்று யோசித்ததுண்டா? பின்னாலிருக்கும் மலைக்காட்டிலிருந்து விழும் அருவித் தண்ணீர். குழாய் வராத அந்தக் காலத்தில் அதைத்தான் கால்வாய் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் முருகன் கோயிலே முதலில் அருவிப் பக்கம் இருந்ததென்றும், நீர்த்தேக்க வேலைக்காக இடம் மாற வேண்டியதாயிற்று என்றும் சொல்வார்கள். இப்போது 513 படிகளுக்கு மேலே நிற்கும் பெரிய கோயிலுக்கு 2012-இல்தான் குடமுழுக்கு ஆனது. இவ்வளவு வருஷமும் மலையடிவாரம்வரை போய்விட்டு, மலைக்கு முதுகைக் காட்டியே வீடு திரும்பியிருக்கிறேன்!

சரி, அந்த ஞாயிறுக்கு வருகிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் பஸ் பிடித்துப் போனோம். அப்போது ஓடியது பழைய மலை ரயில். 1923-இல் தொடங்கிய பாதை அது. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். உச்சிக்குப் போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும். (2010-இல் அதை நிறுத்தி, 2011-இல் புது ரயில் விட்டார்கள். இப்போது மாறவும் வேண்டாம், சில நிமிஷத்தில் மேலே போய்விடலாம். ஆனால் அந்தப் பழைய ரயில் ஊர்ந்த வேகத்தில்தான் ஒவ்வொரு மரத்தையும் முகம் பார்க்க முடிந்தது.) அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

மேலே இறங்கினால் குளிர். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பார்கள். ரயில் நம்மை 700 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. இந்தக் குளிருக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் சிம்லாவுக்கும் முன்பே இங்கே ஏறினார்கள். 1788-இலேயே பிரான்சிஸ் லைட் பாதை வெட்டச் சொல்லிவிட்டார். கப்பல்களுக்கு அடையாளம் காட்ட உச்சியில் கொடி ஏற்றியதால் கொடிமலை என்று பெயர். ரயில் வராத காலத்தில் துரைமார் ஏறிவந்தது குதிரையில், இல்லாவிட்டால் டோலியில். டோலி என்றால் அதைத் தோளில் தூக்கியவர்களும் உண்டல்லவா? அவர்கள் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

உச்சியில் முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே மசூதி. கும்பிட்டுவிட்டு, கூட்டத்தை விட்டு மேற்கு மலைப் பக்கம் போகும் பாதையில் நடந்தோம். பத்து நிமிஷத்தில் மனித சத்தம் நின்றுவிட்டது. சில்வண்டுகள் மட்டும் ரம்பம் இழுக்கிற மாதிரி கத்தின. அப்பா திடீரென்று நின்றார்.

"ஏம்மா, இங்க நிரையே இல்லையே!"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சுற்றிலும் பார்த்தேன். ஒரு மரம் போல் அடுத்த மரம் இல்லை. ஒன்று தூண்போல் நேரே போய் மேலே கிளை விரிக்கிறது. ஒன்று கொடி சுற்றிக் கோணி நிற்கிறது. விழுந்து மட்கிய மரத்தின் மேலேயே நாலு கன்று முளைத்திருக்கிறது. கீழே கிடந்த ஒரு காயை எடுத்துக் காட்டினேன். அதற்கு இரண்டு இறக்கை. மேலே தூக்கிப் போட்டால் காற்றாடிபோல் சுழன்று இறங்கியது. அறுபதை நெருங்கிய மனுஷர் அதைப் பத்துத் தடவை தூக்கிப் போட்டுப் பார்த்தார்! பிறகு ஒரு பெரிய மரத்தின் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெட்டுமரம் பார்க்கிறவர்களுக்கே உரிய அழுத்தம் அது. "இந்தத் தீம்பாருக்கு யாரு கங்காணி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பாதையோரத்து மண்மேட்டில் குடுவைச் செடி தொங்கியது. இலை நுனியில் சின்னக் குடுவை, அதற்கு ஒரு மூடி, உள்ளே தண்ணீர். வழுக்கி விழும் எறும்பையும் பூச்சியையும் செரித்துத்தான் அந்தச் செடி வளர்கிறது. மண்ணில் சத்துப் போதாததால் அது கண்டுகொண்ட வழி. மலாய்க்காரர்கள் இதைக் குரங்கின் பானை என்பார்கள். அப்பா குனிந்து பார்த்தார். "மங்கு!" என்றார். "மழைத்தண்ணி எறங்குன மங்கு. பூச்சி விழுந்து கெடக்கு பாரு." அதைவிடச் சரியான பெயர் இருக்க முடியாது.

அன்று எங்கள் அதிர்ஷ்டம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குக் கூட்டமும் வந்தது. கண்ணாடி போட்ட வாத்தியார்போல் உட்கார்ந்து தளிர் தின்றன. ஒரு தாயின் மடியில் குட்டி. அது ஆரஞ்சுப்பழ நிறம்! கறுத்த தாய்க்குப் பொன்னிறப் பிள்ளை. வளர வளர அந்த நிறம் போய்விடுமாம். அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் புத்திக்கெட்ட காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப ரயிலுக்கு நீண்ட வரிசை. நாலு வெள்ளி மிச்சமாகுமே, இறக்கம்தானே என்று, தாவரப் பூங்காவுக்கு இறங்கும் ஜீப் பாதையில் அப்பாவை நடத்திவிட்டேன். ஐந்து கிலோமீட்டர். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்கு எமன் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு செங்குத்து. பாதி வழியில் மழை பிடித்தது. அப்பாவின் கால் நடுங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். இருட்டத் தொடங்கிவிட்டது, கையில் டார்ச் லைட்டும் இல்லை. மலையேற வந்த சீனப் பெரியவர்கள் நாலு பேர்தான் கைத்தடி கொடுத்து, சுடச்சுடத் தேநீரும் கொடுத்து, கீழ்வரை கூடவே வந்தார்கள். பத்து நாள் முழங்கால் வீங்கிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பதினோராம் நாள் காலை, தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "மறுபடி எப்பம்மா போறோம்?"

அதன்பிறகு அவரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துத் தாவரப் பூங்காவுக்குப் போய்விடுவார். பூங்காவுக்கு வெளியே மூன் கேட் என்று வட்டமாக ஒரு வாசல் இருக்கிறது. அங்கிருந்துதான் காட்டுப்பாதை தொடங்குகிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. அந்தச் சீனப் பெரியவர்களோடு சிநேகம் பிடித்துக்கொண்டார். பேச்செல்லாம் பாசார் மலாயில். வழியில் அவர்கள் அமைத்திருந்த தேநீர்க் கொட்டகைக்குத் தண்ணீர் தூக்கிப்போவது அப்பா ஏற்றுக்கொண்ட வேலை. மூங்கில் கழியில் இரண்டு பக்கமும் தகரம் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு ஏறுவாராம். காண்டாதான், வேறென்ன! நாலு மணிக்கு எழுந்ததற்கு அர்த்தம் வந்துவிட்டது. சாப்பாடு இறங்கியது. வீட்டுக்கு வந்தால் என் பிள்ளைகளுக்குக் காட்டுக் கதை.

ஒருநாள் நான் புத்தகத்தில் படித்ததை அவருக்குச் சொன்னேன். பால்மரம் நம் நாட்டு மரமே இல்லை. பிரேசில் காட்டு மரம். அங்கே இருந்து விதை லண்டனுக்குப் போய், 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதன் சொந்தக் காட்டில் அது இங்கொன்றும் அங்கொன்றுமாக மற்ற மரங்களோடு கலந்துதான் நிற்குமாம். அப்பா வெகுநேரம் பேசவில்லை.

"அதையும் நம்மள மாதிரி கொண்டாந்துதான் நிரையில நிறுத்தியிருக்கான்" என்றார்.

2008-இல் அப்பா காலமானார். கடைசி வருஷத்தில் ஏற முடியவில்லை. வட்ட வாசல்வரை போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

2017 நவம்பரில் பினாங்கைப் பெருமழை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொடிமலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. செங்குத்தான சரிவில், பாறைமேல் படிந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர்தான். பெய்கிற மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவதும் அந்தக் காட்டு மண்தான். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு நம் நாட்டில் மூன்றாவது. தாவரப் பூங்காவும், தெலுக் பஹாங் பக்கத்துக் காடும், கடலோரத் தேசியப் பூங்காவும் சேர்ந்து 12,481 ஹெக்டேர். வேலி போட்டு மனிதரைத் துரத்துவதல்ல இது. உள்காட்டைத் தொடாமல் காத்து, சுற்றிலும் மனிதர் வாழவும் உலாவவும் இடம் விடுகிற ஏற்பாடு.

ஆகவே வாசகர்களே, பள்ளி விடுமுறையில் பினாங்கு வந்தால் லிட்டில் இந்தியாவில் சேலை எடுத்து, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். ரயிலில் ஏறுவதென்றால் அடையாள அட்டையை மறக்கவேண்டாம். உள்நாட்டாருக்குக் கட்டணம் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை வரும். வயதானவர்களை நடத்தி இறக்காதீர்கள். நான் பட்டது போதும். ஆஞ்சநேயர் என்று நினைத்துக் குரங்குக்குப் பழம் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், பிள்ளையைக் கடிக்கும். பிளாஸ்டிக் பைகளைக் கையோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

போன விடுமுறையில் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயது. அதே மேற்கு மலைப் பாதையில் குடுவைச் செடியைக் காட்டி, "உன் கொள்ளுத்தாத்தா இதை மங்கு என்று சொல்வார்" என்றேன்.

"மங்கு என்றால் என்ன, பாட்டி?" என்று கேட்டாள்.

பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மங்கிலிருந்து தொடங்கினேன். உளி, வாளி, காண்டா, பெரட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. ரயில் நிலையத்துக்கு நாங்கள் திரும்பி வந்தபோது கீழே பட்டணத்தில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.