வெனிஸ் மீன் சந்தையில் ஒரு காலை: வறுத்த மத்தியும் நுரைக்கும் ஒயினும்!

வெனிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது படகு சவாரிதான். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது ரியால்டோ மீன் சந்தையில்!

ரியால்டோ பாலத்திலிருந்து சில நிமிட நடை. 1907-ல் கட்டப்பட்ட, வளைவுகளும் தூண்களுமான மண்டபம். ஐஸ் மீது மத்தி, கணவாய், இறால் என்று பரப்பி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு கல்வெட்டு. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்ற பட்டியல் அது. மத்திக்கு 7, விலாங்குக்கு 25. குஞ்சுகளையே பிடித்துவிட்டால் நாளைக்கு மீன் ஏது?

சுற்றியுள்ள சந்துகளில் 'பாக்கரோ' எனப்படும் சின்ன ஒயின் கடைகள். நின்றபடியே சாப்பிடலாம். நான் வாங்கியது 'சார்தே இன் சாவோர்'. வறுத்த மத்தியை, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர் திராட்சையோடு ஊறவைத்துத் தருகிறார்கள். மீன் கெடாமலிருக்கக் கடலோடிகள் கண்டுபிடித்த வழியாம். நம் வீட்டு மீன் குழம்பு மாதிரி, மறுநாள்தான் ருசி கூடும்!

கூடவே ஒரு சிறிய கிளாஸ் 'ப்ரொசெக்கோ'. சில யூரோக்கள்தான். வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாதல்லவா? அந்த வேலையை இதன் புளிப்பும் குமிழ்களும் செய்கின்றன.

ஷாம்பெயின் போலவே நுரைக்கும் இது ஏன் மலிவு? ஷாம்பெயினில் குமிழ்கள் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் உருவாக வேண்டும். விற்பனைக்கு வர 15 மாதங்களாவது ஆகும். ப்ரொசெக்கோ பெரிய ஸ்டீல் தொட்டிகளில் சில வாரங்களிலேயே நுரைத்துவிடும். திராட்சை, 'க்ளேரா' என்ற வகை. அது விளையும் கொனெக்லியானோ, வால்தோப்பியாதெனே குன்றுகள் வெனிஸுக்கு வடக்கே இருக்கின்றன. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தவை.

ஆனால், சந்தையில் ஒரு விஷயம் உறுத்தியது. மீன் வாங்குபவர்களைவிட போட்டோ எடுப்பவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒரு ஆள்! 1951-ல் வெனிஸ் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் விடுதிகளாகின்றன, மீன் கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சமைக்க வீடில்லாத ஊரில் மீன் யாருக்கு?

குஞ்சு மீனைக் காப்பாற்றக் கல்லில் அளவு பொறித்த ஊர் இது. ஊர்க்காரர்களைக் காப்பாற்ற என்ன அளவு வைக்கப்போகிறது?

ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன். மது உடலுக்குக் கேடுதான். சந்தை ஞாயிறு, திங்கள் விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே போய்விடுங்கள்!