உப்பு மாறினால் இறால் தாங்காது

இறாலுக்குக் கோது கழற்றவும் குழம்பு வைக்கவும் முல்லைத்தீவுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருப்பதுதான் எங்களுக்குப் புதிது. என் மகன் நந்திக்கடல் இறாலை வளர்க்க வேண்டுமென்று கண்ணாடித் தொட்டியொன்று கொண்டுவந்தான். அவன் வேலைக்குப் போய்விடுவதால் அதைப் பார்க்கும் பொறுப்பு எனக்கும் மாமிக்கும் வந்தது. 2009க்குப் பிறகு மாமி நந்திக்கடல் இறாலை வாயில் வைத்ததில்லை. ஆகவே தொட்டியை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார் என்றே நினைத்தேன்.

நந்திக்கடல் வட்டுவாகலில் கடலோடு சேர்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து களப்பில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். மாரியில் வெள்ளம் இறங்கக் களப்பின் உவர்ப்புக் குறையும். கோடையில் நீர் வற்ற உவர்ப்பு ஏறும். இந்த மாற்றமெல்லாம் மெல்ல மெல்ல நடப்பதால் இறால் தாங்கிக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் மாறினால் தாங்காது. அதன் உடம்பிலுள்ள உப்பும் நீரும் நிலைகுலைந்துவிடும். அன்று நன்றாக நீந்தினாலும் ஓரிரு நாளில் செத்துப்போகும்.

எங்கள் தொட்டியில் இருப்பது கடலிலிருந்து அள்ளிய தெளிந்த நீர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்காலத்துக் களப்பு நீரில் அதைவிடக் குறைவு. அதனால் இறாலைக் கொண்டுவந்தவுடன் தொட்டிக்குள் கொட்டக்கூடாது. முதலில் பொலித்தீன் பையைக் கட்டியபடியே அரை மணிநேரம் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு சமப்படும். பிறகு இறாலை அது வந்த நீரோடு ஒரு வாளியில் விட்டு, தொட்டி நீரைத் துளித்துளியாக விழவிட வேண்டும். இதற்கு நாங்கள் மருந்துக்கடையில் புதிதாக வாங்கிய சேலைன் குழாயைப் பாவிக்கிறோம். அதிலுள்ள சிறு சக்கரத்தை உருட்டினால் நொடிக்கு இரண்டு மூன்று துளியாக நிறுத்தலாம். ஒரு லீற்றர் நீர் இரண்டு லீற்றராக இரண்டு மணிநேரம் எடுக்கும். பாதியை ஊற்றிவிட்டு மறுபடியும் துளி விடுவோம். அந்த நேரம் முழுவதும் வாளிக்குள் காற்றுக் குழாயும் ஓடவேண்டும். சேலைன் குழாயைப் பார்த்துக்கொண்டு இரவிரவாகக் காவலிருந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. இந்தப் பொறுமையை யாரிடமும் புதிதாகப் படிக்கவேண்டியதில்லை.

தொட்டியில் கவனிக்க வேண்டியவை சில. அடியில் இரண்டு அங்குலத்துக்கு மெல்லிய மணல் வேண்டும். களப்பு இறால் பகலில் புதைந்திருந்து இரவில்தான் வெளியே வரும். இறால் பாயும், ஆகவே மேலே வலை மூடி வேண்டும். வெயிலில் நீர் வற்றினால் நல்ல தண்ணீரையே விட்டு நிரப்புங்கள். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆனையிறவில் உப்பு விளைவதும் இப்படித்தான். திரும்பத் திரும்பக் கடல்நீரையே விட்டால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். நுளம்பு மருந்து தெளிப்பது இறாலுக்கு நஞ்சு. செம்பும் அப்படித்தான், செம்புப் பாத்திரத்தால் நீர் அள்ளவேண்டாம். சாப்பாடு மாலையில் ஒரு தடவை, சிறு மீன் துண்டு போதும். மிச்சம் அழுகினால் நீர் கெடும். மின்சாரம் நின்றால் மூச்சுக்குக் காற்று இராது. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

ஒருநாள் காலை மாமி கூப்பிட்டார். "பிள்ளை, ஒண்டு செத்துக் கிடக்குது."

எடுத்துப் பார்த்தேன். காலும் மீசையும் கண்ணுமாக முழு இறால் போலவே இருந்தது. ஆனால் உள்ளே வெறுமை.

"கோது கழட்டியிருக்கு மாமி. ஆள் மணலுக்க ஒளிச்சிருக்குது. உடம்பு மெதுமையா இருக்கிறதால மற்ற இறால் கடிச்சுப்போடும் எண்ட பயம்."

"எப்ப வரும்?"

"கோது இறுகினாப் பிறகு வரும்."

மாமி கதிரையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய இளைய மகன் 2009இல் காணாமல்போனவர். அவரைப் பற்றி அன்று எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு இறால் வெளியே வந்தபோது என்னை எழுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு மாலைச் சாப்பாடு போடுவது அவர்தான். வேறு யாரையும் விடமாட்டார். இறால் கறி இப்போதும் அவருக்கு வேண்டாம். நாங்களும் கட்டாயப்படுத்துவதில்லை.

வளர்க்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். தொட்டியை நிரப்பிய அன்றே இறாலை விடாதீர்கள். கழிவைச் செமிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் பெருக நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். அதுவரை காற்றுக் குழாயை ஓடவிட்டுப் பொறுத்திருங்கள். முதலில் இரண்டு இறால் போதும்.