கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தீங்களா பாஸ்?

உங்க காலேஜ் ரோபோ டீமில் கியர்பாக்ஸுக்கு யார் பொறுப்பு? புரோகிராம் எழுதுறவன்தான் ஹீரோ. பேட்டரிக்கு சார்ஜ் போடுறவனைக்கூட எல்லோருக்கும் தெரியும். கியர்பாக்ஸ் மட்டும் 'அதான் மாட்டியாச்சே' என்று அநாதையாகக் கிடக்கும். எங்கள் டீமில் அந்த அநாதைக்கு நான்தான் கார்டியன்!

2008-ல் ஆசிய பசிபிக் ரோபோகான் போட்டி புனேயில் நடந்தது. தலைப்பு 'கோவிந்தா'. ஏறக்குறைய நம்ம ஊர் உறியடிதான். கம்புக்குப் பதில் ரோபோ! அதற்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டிக்காக கோயமுத்தூரில் இருந்து நாங்களும் ரயில் ஏறினோம்.

மூணு நிமிஷ மேட்ச். எங்கள் ரோபோ நாலடி நேராகப் போனது. அப்புறம் குடிகாரன் மாதிரி இடதுபக்கம் சாய்ந்துபோய் ஓரக்கட்டையில் முட்டி நின்றது. "புரோகிராம்ல ஏதோ தப்புடா!" முதலில் கத்தியது யார் தெரியுமா? நான்தான். நண்பன் பாவம், ராத்திரி முழுக்க லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். மறுநாளும் அதே இடதுபக்கம். மூட்டையைக் கட்டினோம்.

ஊருக்கு வந்து இடது கியர்பாக்ஸைப் பிரித்தேன். கியரை ஷாஃப்ட்டோடு சேர்த்துப் பிடிக்கிற கிரப் ஸ்க்ரூ லூஸ். கிரீஸ் கறுத்துப்போய், உள்ளே இரும்புத்தூள் மினுமினுக்கிறது. மோட்டார் ஒழுங்காகச் சுற்ற, வீல் மட்டும் வழுக்கியிருக்கிறது. சுற்றுகளை எண்ணும் என்கோடர் மோட்டார் பக்கம் இருந்ததால், புரோகிராமுக்கு 'எல்லாம் ஓகே'.

கணக்கைப் பாருங்க. மோட்டார் நிமிஷத்துக்கு 6000 சுற்று. 20-க்கு 1 கியர்பாக்ஸ் அதை 300 ஆக்கும். வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறும். உராய்வில் போவது போக, கிட்டத்தட்ட இருபது மடங்கு. அவ்வளவையும் தாங்குவது மிளகு சைஸ் ஸ்க்ரூ!

கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, ஷாஃப்ட் உருண்டையா இருந்தா ஸ்க்ரூ எதைப் புடிக்கும்?" என்று சிரித்தார். ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கினார். மரையில் ஒரு சொட்டு லாக்டைட். ரெண்டு கியரும் சேரும் இடத்தில் ஒரு துண்டு பேப்பரைச் செருகி, மோட்டாரை நெருக்கி டைட் பண்ணி, பேப்பரை உருவி எடுத்தார். அந்த அளவு இடைவெளி போதுமாம். அதுவும் இல்லாவிட்டால் பல் இறுகும். ரொம்ப விட்டால் பல் உடையும்.

புது கியர்பாக்ஸை உடனே ரோபோவில் மாட்டாதீங்க. லோடு இல்லாமல், மெதுவாக, ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. பிறகு பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது கிரீஸ் தடவுங்க. அப்பி வைக்க வேண்டாம், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுற மாதிரி போதும். தூள் கலந்த பழைய கிரீஸ் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் வீலைக் கையால் அசைத்துப் பாருங்க. சத்தம் மாறினால், நேரமே இல்லாவிட்டாலும் திறந்துடுங்க.

நண்பனிடம் சொல்ல எனக்கு மூணு நாள் ஆனது. லூஸான ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பார்த்தான், ஒண்ணும் பேசாமல் போய்விட்டான். ஒரு வாரம் பேச்சே இல்லை. எட்டாம் நாள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "டேய், என்கோடரை வீல் பக்கம் மாத்திடலாமா?" என்றான்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.