எலி உழும் மலை

எலி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள்! உங்கள் அரிசி மூட்டையைக் கடிக்கும் போக்கிரியைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. இவர் எத்தியோப்பியாவில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பாலே மலையில் மட்டுமே குடியிருப்பவர்.

அந்த மலை உச்சியில் சனெட்டி என்ற பீடபூமி விரிந்து கிடக்கிறது. பகலில் வெயில் சுடும். இரவில் தண்ணீர் உறையும். ராட்சத லோபீலியாச் செடிகள் ஆங்காங்கே காவல்காரர்களைப் போல் நிற்கின்றன. மற்றபடி குட்டைப் புல்லும் பூண்டும்தான்.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு வளையைப் பார்த்தபடி நின்றேன். மெல்ல ஒரு தலை எட்டிப் பார்த்தது. கண்கள் உச்சந்தலைக்கு அருகில்! முழு உடம்பையும் வெளியே காட்டாமல், எட்டிய புல்லைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பிராணி. சுற்றிலும் புல் தீர்ந்ததும் வேறு இடத்தில் வாசல் திறக்கும். பழைய வாசலை மண்ணால் அடைத்துவிடும்.

இதனால் மலைக்கு என்ன ஆகிறது, தெரியுமா? அடி மண் மேலே வருகிறது. ஜமக்காளம் விரித்தாற்போல் தரையை மூடியிருக்கும் ஆல்கெமில்லாப் பூண்டு அங்கே அழிந்து, மண் வெறிச்சென்று தெரிகிறது. பிறகு அந்தப் புது மண்ணில் வேறு செடிகள் தலைகாட்டுகின்றன. ஏரும் மாடும் இல்லாத உழவு!

மேய்ச்சல் மாடுகள் வந்தால் எலிக்குப் பட்டினி என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆராய்ந்தவர்களோ, மாடு மேய்வது எலிக்கு அனுகூலமாகவே இருக்கிறது என்று கண்டார்கள். ஆபத்து மாட்டோடு வரும் நாயிடம் இருக்கிறது. இந்த எலியையே பிரதான உணவாகக் கொண்ட எத்தியோப்பிய ஓநாய்கள் உலகிலேயே சுமார் 500தான் மிச்சம். 2003-ல் நாய்களிடமிருந்து தொற்றிய வெறிநோய் இங்கே பல ஓநாய்களைக் கொன்றது. மீந்தவற்றில் சிலவற்றைப் பிடித்துத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

இன்னொரு விஷயம், சாப்பிடும்போது படிக்காதீர்கள்! ஃபிஞ்சா ஹபேரா என்னும் பாறைக் குடிலில், 30,000 ஆண்டுகளுக்கும் முன்னால் மனிதர்கள் இந்த எலியைச் சுட்டுத் தின்ற அடையாளங்கள் அகப்பட்டிருக்கின்றன. 2019-ல் வெளியான செய்தி இது.

அன்று மாலை செந்நிற ஓநாய் ஒன்று வந்தது. வளை வாசலில் அசையாமல் நின்றது, பாய்ந்தது, பரபரவென்று தோண்டியது. அகப்பட்டது மண்தான். மூக்கில் ஒட்டியதைத் தட்டிவிட்டு, அடுத்த வளைக்கு நடந்தது.