அடுக்களையும் அளவுகோலும்

பௌதிகம் படிப்பவனுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சென்ற கோடை விடுமுறை தொடங்கும் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பசித்தால் எட்டிப் பார்க்கும் இடம், தாகத்துக்கு நுழையும் இடம், அவ்வளவே. எட்டு அடிக்கு ஆறு அடியான அந்தச் சிறிய அறை எனக்குப் புகட்டிய பாடத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக டில்லிக்கு வந்தது. யமுனைக்குக் கிழக்கே, மூன்றாவது மாடியில், இரண்டு அறைகள் கொண்ட வீடொன்றை அப்பா 2003இல் கடன் பட்டு வாங்கினார். நான் அப்போது கைக்குழந்தை. அந்தக் கடன் சென்ற ஆண்டுதான் தீர்ந்தது. தீர்ந்த கையோடு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அடுக்களை மேடையின் கல் வெடித்துவிட்டது. தொட்டியடியில் நீர் கசிந்து கீழ்வீட்டுக்காரரோடு மனத்தாங்கல். ஆகவே அடுக்களையை இடித்து மாற்றிக் கட்டிவிடுவது என்பது முடிவு. “ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது. நீதான் எம்.எஸ்ஸி. படிக்கிறாயே, ஒரு படம் போட்டுக் கொடு” என்றார்.

நானும் உற்சாகத்தோடு நூலகத்துக்கு ஓடினேன். சமையலறையை அமைப்பதற்கென்றே ஒரு சாத்திரம் இருப்பது அங்கேதான் தெரிந்தது. வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையைத் திட்டமிட்டார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் இருக்கும் இடுக்கான அடுக்களையைப் பார்த்து, ஓர் அடிகூட வீணாக நடக்க வேண்டாதபடி அமைத்தது அது. பின்னர் 1940களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் ‘வேலை முக்கோணம்’ என்ற கணக்கைப் பரப்பினார்கள். அடுப்பு, தொட்டி, பிரிட்ஜ் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள் அடங்க வேண்டும்.

முக்கோணம் என்றவுடன் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடத்திலிருந்த பிரிட்ஜை அடுக்களைக்குள் கொண்டுவந்து, கட்டத்தாளில் படம் வரைந்தேன். மூன்று பக்கமும் கூட்டினால் பதின்மூன்றரை அடி! சாத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. படத்தை அம்மாவிடம் நீட்டினேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. இதிலே மாவு எங்கே அரைக்கிறது?” என்று கேட்டாள்.

நான் விழித்தேன். மூன்று முனைகளில் கிரைண்டருக்கு இடமில்லை. அரிவாள்மணையைப் போட்டு உட்கார இடமில்லை. அஞ்சறைப்பெட்டியை நான் நினைக்கவே இல்லை.

கருத்தைச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, ஒரு முக்காலியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எங்கெங்கே எத்தனை தடவை போகிறாள் என்று ஒன்பது மணி வரை கோடு கிழித்தேன். தொட்டிக்கு 52 தடவை. சாமான் அலமாரிக்கு 27. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் 11. கூடத்துப் பிரிட்ஜுக்கு வெறும் ஆறே தடவை. வாரத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக வாங்கிக் குளிரில் வைத்துச் சமைக்கும் வீட்டுக்குப் பிரிட்ஜ் ஒரு முனையாக இருக்கலாம். அன்றன்று அரைத்து, அன்றன்று தாளிக்கும் எங்கள் வீட்டில் அது ஒரு மூலையில் கிடக்கும் பெட்டிதான். நடையை எண்ணிப் பார் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். எண்ணாமலே அவர்களுடைய விடையை எடுத்துக்கொண்டது என் பிழை.

இன்னும் ஒன்றை அன்று எண்ண நேர்ந்தது. அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு பலகை மணை கிடந்தது. மூன்று அங்குல உயரம் இருக்கும். கிளறும்போது அதில் ஏறுவாள், தொட்டிக்குப் போக இறங்குவாள், திரும்பவும் ஏறுவாள். நினைவு தெரிந்த நாளாய் அந்த மணை அங்கே கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று காலை மட்டும் அவள் 38 தடவை அதில் ஏறி இறங்கினாள்.

அளவு நாடாவை எடுத்தேன். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். மேடை 34 அங்குலம். அதன்மேல் அடுப்பு 5 அங்குலம். அடுப்பின்மேல் சோற்றுப் பானை 8 அங்குலம். ஆக, பானையின் விளிம்பு தரையிலிருந்து 47 அங்குலம். அம்மாவின் தோளும் ஏறத்தாழ அதே உயரம்தான். தோளுக்கு மேல் கையைத் தூக்கி அவள் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சோறு கிளறியிருக்கிறாள். தோள்வலி என்று அவள் தைலம் தேய்க்கும்போதெல்லாம், ‘வயதாகிறது’ என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்.

“இதை ஏன் அம்மா நீ சொல்லவே இல்லை?” என்று கேட்டேன்.

“கடன் வாங்கிக் கட்டின வீடு. மேடை உயரம் என்று சொன்னால் இடிக்கவா முடியும்?” என்றாள். சற்றுப் பொறுத்து, வலது முன்கையைத் திருப்பிக் காட்டினாள். அந்தத் தழும்பை நான் அறிவேன். 2009இல் கஞ்சி கொட்டிச் சுட்டது. ‘அம்மாவுக்குக் கவனம் போதாது’ என்று அன்று அப்பா சொன்னதும், நானும் அதைப் பள்ளியில் போய்ச் சொன்னதும் நினைவிருந்தன. “பானையோடு இறங்கும்போது மணை வழுக்கிவிட்டது” என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு குழம்பை இறக்கப் போய்விட்டாள்.

நான் முதற்படத்தைக் கிழித்துப் போட்டேன். மீண்டும் படித்தபோது, முன்பு கண்ணில் படாத ஒரு செய்தி பட்டது. பிராங்பர்ட் சமையலறையைத் திட்டமிட்ட அந்த அம்மையார், அதுவரை தாம் சமைத்தறியாதவர் என்று பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் அதே கட்சிதான். ஆனால் அவர் கற்றறிந்தாவது செய்தார்.

மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? நிற்பவரின் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருந்தால் தோள் தூக்காமலும் முதுகு வளையாமலும் வேலை நடக்கும் என்பது பொதுவான கணக்கு. அம்மாவின் முழங்கை 36 அங்குலத்தில் இருக்கிறது. ஆகவே நறுக்கும் இடத்துக்கு 32 அங்குலம். அடுப்பு தன் உயரத்தையும் பானையின் உயரத்தையும் கூட்டிக்கொள்வதால், அதன் இடத்துக்கு 28. தொட்டியிலோ கதை நேர்மாறு. பாத்திரம் தேய்க்கும் கை தொட்டியின் அடியில் அல்லவா வேலை செய்கிறது? அதைத் தாழ்த்தினால் குனிய வேண்டும். “அங்கணம் இருந்தபடியே இருக்கட்டும்” என்றாள் அம்மா. தொட்டியை அவள் இன்றும் அங்கணம் என்றுதான் சொல்வாள். ஆக, அதற்குப் பழைய 34.

எட்டடிச் சுவரில் தொட்டிக்கு இரண்டரை அடி, நறுக்கப் பிசைய இரண்டரை அடி, அடுப்புக்கும் அதையடுத்து இறக்கி வைக்கவும் மூன்றடி என்று பிரித்தோம். 28 அங்குல மேடையடியில், ரெகுலேட்டர் மாட்டிய சிலிண்டர் நுழையவில்லை. 32 அங்குல மேடையடியில் நிமிர்ந்து நின்றது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். அதனால் அந்த அறைக் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் வைத்தோம். பிரிட்ஜ் கூடத்திலேயே தங்கியது. அதற்கென்று நான் ஒதுக்கிய இடத்தில் கிரைண்டரும், அதன் எதிரே உட்கார ஒரு முக்காலியும் வந்தன.

மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எல்லா வீட்டிலும் 34தான், சாப். இதென்ன சமையல் மேடையா, படிக்கட்டா?” என்று இந்தியில் கேட்டார். அப்பாவுக்கும் கவலை பிடித்துக்கொண்டது. “நாளைக்கு வீட்டை விற்றால் எவன் வாங்குவான்? வருகிற மருமகள் உயரமாக இருந்தால் என்ன செய்வாள்?” என்றார்.

வழக்கமாக இத்தகைய பேச்சில் அம்மா தலையிடமாட்டாள். அன்று, “வருகிறவள் வரட்டும். இப்போது நிற்கிறவள் நான்” என்றாள்.

அப்பா அவளைச் சிறிது நேரம் பார்த்தார். “28 என்றே போடு” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்லாம் செம்மையாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். கிரைண்டரின் பிளக்கை நான் தவறான சுவரில் வைக்கச் சொன்னேன். கம்பி நடைவழியில் குறுக்கே கிடந்தது. அம்மா முன்பே எச்சரித்திருந்தாள். பூசிய சுவரை மறுபடியும் கொத்த 1,800 ரூபாய் தண்டம் அழுதோம். அம்மாவின் தோள்வலியும் முற்றிலும் போய்விடவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வலி இரண்டு மாதத்தில் போகுமா? ஆயினும் தைலப் புட்டி அலமாரியில் சற்று உள்ளே நகர்ந்திருக்கிறது. மணை இப்போது பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

விடுமுறையில் போனால் இரவுச் சமையலில் பாதி இப்போது என் பங்கு. நான் 5 அடி 8 அங்குலம். அந்த 28 அங்குல மேடையில் நான் நன்றாகவே குனிய வேண்டியிருக்கிறது. அரைமணி நேரத்தில் இடுப்பு கடுக்கிறது. கடுக்கும்போதெல்லாம் அம்மா எக்கி நின்ற ஆண்டுகளை எண்ணிக்கொள்வேன். புகார் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஓர் அளவு நாடாவையும் எடுத்துப் போங்கள். மேடையை அளக்குமுன் அதன் எதிரே நிற்பவரை அளந்து பாருங்கள். அவர் காலடியில் ஒரு மணை கிடந்தால், அது ஏன் கிடக்கிறது என்று கேளுங்கள்.