நாலடி மேசை

ஆய்வு மாணவரிடம் "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்கக் கூடாது. எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் எல்லாரும் கேட்பார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "எங்க உட்கார்ந்து எழுதுறீங்க?" ஆறு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என் கைடு இல்லை, டாக்டோரல் கமிட்டியில் இருந்தவரும் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் ரெஃபரன்ஸ் பகுதியில் புத்தகம் அடுக்குகிற உதவியாளர்.

நான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தது 2006இல். 1930களின் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த மருந்து விளம்பரங்கள்தான் தலைப்பு. தாது புஷ்டி லேகியம், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய டானிக், பல்பொடி, ஞாபக சக்தித் தைலம் என்று யார் எதை எப்படி விற்றார்கள், வாங்கியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தேடுகிற வேலை. சொல்லும்போது சுவையாகத்தான் இருக்கும். செய்வதற்கு மேசை வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பைண்டு வால்யூம்களையாவது விரித்து வைக்க வேண்டும். ஒரே மருந்து ஒரு பத்திரிகையில் பெண்களுக்கானது, இன்னொன்றில் வக்கீல்களுக்கானது என்பதைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

வீட்டில் இருந்தது இரண்டு அறை, ஆறு பேர். எழுதுவதற்கு வாய்த்தது அம்மாவின் தையல் மெஷின் பலகை. பலகையைச் சரித்துவிட்டு அம்மா ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தால் என் இரண்டாம் இயல் எழுந்து கட்டிலுக்குப் போக வேண்டும். கட்டிலில் அக்கா பிள்ளைகள் தூங்கினால் அது அரிசி டிரம்மின் மேல் ஏறும். விடுதியில் சேர்ந்து பார்த்தேன். ஓர் அறைக்கு மூன்று பேர், ஒரு மேசை. அந்த மேசையில் வாளி, கண்ணாடி, மின் கெட்டில்.

நூலகத்தின் இரண்டாம் மாடியில் 'ஆய்வாளர் அறை' என்று பெயர்ப்பலகையே இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் மரத்தடுப்பு போட்ட சிறு சிறு இருக்கைகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல் கால் உடைந்த நாற்காலிகள், கணினி வந்ததும் வேலை போன கேட்டலாக் பெட்டிகள், கயிறு கட்டிய விடைத்தாள் மூட்டைகள். சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் மீட்டிங்கில் இருப்பார், அல்லது லீவில் இருப்பார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. வேறு வேறு ஊர்களில் படித்தவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் "எங்க யுனிவர்சிட்டியா?" என்றே கேட்டார்கள்.

ஆகவே பொது வாசிப்புக் கூடம். வாசலில் பையை வைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை. ஷூ டப்பாவில் இருந்த என் குறிப்பு அட்டைகளைக் கூட ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். காலை எட்டு மணிக்குள் குரூப் டூ, வி.ஏ.ஓ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வந்து, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்கள் வீட்டிலும் தையல் மெஷின்தான் இருந்திருக்கும்.

மாலை ஏழே முக்காலுக்கு ஃபேன் அணையும். கிளம்புங்கள் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், ஃபேன் சொல்லும். விரித்ததையெல்லாம் மடக்கி, எடுத்த வால்யூம்களைக் கவுன்டரில் கொடுத்து, அட்டைகளை டப்பாவில் போட்டு எழுந்திருக்க வேண்டும். மறுநாள் அதே வால்யூம்களுக்கு மறுபடி சீட்டு. அவை வந்து, நேற்று விட்ட பக்கத்தைத் தேடி, நேற்று எதற்காக இதையும் அதையும் பக்கத்தில் வைத்தோம் என்று யோசித்து, அந்த நூல்முனையைப் பிடிக்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். நூல்முனை கிடைக்காத நாளும் உண்டு. ராத்திரி மூடிய புத்தகத்துக்குள் ஒரு நல்ல யோசனை செத்துப்போய்விட்டது என்பது மறுநாள் காலையில்தான் தெரியும்.

நேரத்தின் அருமையை நூலகத்துறைக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சேர்ந்த சில நாளிலேயே வேலை அலுத்துப்போய், பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய் நூலகம் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்றார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிக் காட்டுவதைப் பார்த்ததில் பிறந்ததுதான் அவருடைய கோலன் பகுப்பு முறை. 1931இல் அவர் எழுதிய நூலக விதிகள் ஐந்து. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்கிற முதல் விதியை எல்லாரும் சொல்வார்கள். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்கள் நூலக வாசலில் ஐந்து விதிகளும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. அதற்கு நேர்கீழேதான் டோக்கன் வரிசை.

ஒரு நாள் அந்த உதவியாளர் அண்ணன் வால்யூம்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, தினம் இதே அஞ்சைத்தான் கேக்குற. தினம் நான் அடுக்குறேன், தினம் நான் எடுக்குறேன். வீட்ல எங்க உட்கார்ந்து எழுதுற?"

தையல் மெஷினைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளை ஸ்டூல்ல வச்சு எழுதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். செய்தித்தாள் வால்யூம் ரேக்குகளுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. பைண்டிங்குக்குப் போகும் புத்தகங்களை அடுக்கி வைப்பதற்கானது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இழுப்பறைக்குப் பிடி கிடையாது. ஸ்கேலைச் செருகித்தான் இழுக்க வேண்டும். என் ஐந்து வால்யூம்களையும் அதில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைச் செருகினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'பைண்டிங்குக்கு – எடுக்கக் கூடாது.'

"இனி இத யாரும் அடுக்க மாட்டாங்க. நீ விரிச்சது விரிச்சபடி வச்சுட்டுப் போம்மா."

அன்று மாலை ஃபேன் அணைந்ததும் ஒன்றையும் மடக்காமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் போகும்போது அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதுபோல் பதைப்பாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்குப் போனால், விட்ட பக்கம் விட்டபடி கிடந்தது. ஒன்பது ஐந்துக்கு எழுத ஆரம்பித்தேன். நாலு வருஷம் அந்தப் புத்தகங்கள் பைண்டிங்குக்குப் போய்க்கொண்டே இருந்தன.

மேசைக்கு அடுத்தபடி வேண்டியது, நம் வேலை இன்னது என்று தெரிந்த ஒரு ஆள். அப்படி ஒருவரை நான் கண்டது சென்னையில், இப்போது தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா, வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் ஏறத்தாழ ஒரு லட்சம். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அங்கே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அங்கே புத்தகத்தை நாம் போய் எடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு ஒருவர், "நீங்க என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். அரை மணி நேரம் சொன்னேன். மறுநாள் நான் கேட்காத ஒரு கட்டு என் முன்னால் இருந்தது: காலணா, அரையணா பாட்டுப் புத்தகங்கள். "பின் அட்டையப் பாருங்க" என்றார். பின் அட்டை முழுக்க மருந்து விளம்பரம். பத்திரிகை வாங்க முடியாத ஜனங்களுக்கு லேகியம் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்கிற என் நாலாம் இயல் அந்தப் பின் அட்டைகளிலிருந்து வந்ததுதான். கேட்டலாக்கில் 'பாட்டு' என்று இருப்பதை மருந்து தேடுகிறவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இது ஒன்றும் வெளிநாட்டுப் புதுமை இல்லை. உ.வே. சாமிநாதையர் மாணவராக இருந்த காலத்தில் திருவாவடுதுறை மடம் செய்தது இதைத்தான். தங்க இடம், வேளைக்குச் சோறு, கைக்கெட்டும் தூரத்தில் ஏடுகள், ஐயம் வந்தால் கேட்க மீனாட்சிசுந்தரம் பிள்ளை. சாமிநாதையர் பின்னாளில் சங்க நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்ததை நாம் கதையாகச் சொல்கிறோம். அலைவதற்கு முன் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

"இப்பதான் எல்லாம் லேப்டாப்லயே இருக்கே" என்பார் என்னோடு வேலை செய்கிற ஒருவர். இருக்கிறது. நான் படித்தபோது ஆய்வேடுகள் பூட்டிய அறையில் இருந்தன. ஜெராக்ஸ் கிடையாது, கையால் எழுதிக்கொள்ளலாம். 2009இல் யு.ஜி.சி. ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கிய பிறகு, ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றானது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை என்றாலும் இது பெரிய காரியம். ஆனால் இறக்கிய பி.டி.எஃப்.ஐ எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்டால், பழையபடி அரிசி டிரம்தான். சொல்லப்போனால் நிலைமை ஒரு படி இறங்கியிருக்கிறது. எல்லாம் கணினியில் வந்துவிட்டதால் ஆய்வு மாணவர் நூலகத்துக்கு வருவதே இரண்டு சான்றிதழுக்காக என்றாகிவிட்டது: ஒன்று நோ டியூஸ், இன்னொன்று பத்து சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இல்லை என்கிற காகிதம். அவர் என்ன எழுதினார் என்பது நூலகத்துக்கு முதன்முதலாகத் தெரிவது, காப்பி அடித்தாரா என்று பார்க்கும்போதுதான்.

தேர்வுக்குப் படிப்பவர்களை எழுப்பிவிட்டு ஆய்வு மாணவருக்கு இடம் தரச் சொல்லவில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்தார்கள். இவர்களுக்கு இது வேண்டும் என்று யாரோ யோசித்ததால் வந்த ஏற்பாடு அது. ஆய்வு மாணவருக்கும் அப்படி யோசித்தால் பெரிய செலவில்லை. பூட்டிக் கிடக்கும் அறையில் உள்ள உடைந்த நாற்காலிகளை ஏலம் விட்டால் போதும். செமஸ்டர் கணக்கில் பெயர் போட்டு ஒரு மேசை, பூட்டுடன் ஒரு சின்ன அலமாரி, மாதம் ஒருமுறை "இப்ப எந்த இயல்ல இருக்கீங்க?" என்று கேட்க ஒரு நூலகர்.

2012இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். நோ டியூஸ் படிவத்தில் விடுதி, விளையாட்டுத்துறை, ஆய்வகம், நூலகம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கையெழுத்து வாங்கப் போனபோது கறுப்பு ரெக்ஸினில் தங்க எழுத்துப் போட்ட படி ஒன்றை அண்ணனிடம் காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய், ஐந்து வால்யூம்களிலிருந்தும் சிவப்புச் சீட்டுகளை உருவினார். "ஒருவழியா பைண்டிங் முடிஞ்சுது" என்றார்.

நன்றியுரையில் அவர் பெயரைப் போடவில்லை. போட்டால் சீட்டு விவகாரம் வெளியே வந்து அவருக்கு மெமோ வருமோ என்று பயம். துணைவேந்தர் முதல் டைப் அடித்தவர் வரை எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள். அவர் மட்டும் 'நூலகப் பணியாளர்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார். இன்றைக்கும் உறுத்துகிற இடம் அது.

இப்போது நானே கைடு. போன ஜூனில் என்னிடம் சேர்ந்த பெண்ணிடம், தலைப்பைக் கேட்பதற்கு முன் எங்கே உட்கார்ந்து எழுதுவாய் என்று கேட்டேன். விழித்தாள். பிறகு, "மாமியார் வீட்ல டி.வி. இருக்கிற ரூம்ல, மேடம், எல்லாரும் தூங்கினப்புறம்" என்றாள். எங்கள் கல்லூரி நூலகத்தில் மூலையாகப் பார்த்து ஒரு மேசையைப் போட்டு, அவளுடைய புத்தகங்களை வைத்து, சிவப்புப் பேனாவால் சீட்டு எழுதிச் செருகிவிட்டு வந்தேன்.

நூலகர் புதிதாக வந்த இளைஞர். அடுத்த வாரமே என் அறைக்கு வந்தார்.

"மேடம், அந்த மூலை மேசைப் புத்தகமெல்லாம் பைண்டிங்குக்குன்னு போட்டிருக்கே, எப்ப அனுப்பணும்?"

"ஒரு நாலு வருஷம் ஆகும் சார்" என்றேன்.